மண்ணெண்ணெயும் டிரான்சிஸ்டரும்: மின்னணுப் பாகங்களுக்குப் பெயர் வந்த கதை

'எண்ணெய்' என்ற சொல்லைப் பிரித்தால் எள், நெய் என்று இரண்டு சொற்கள் கிடைக்கும். எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். அப்புறம் அந்தச் சொல் ஒவ்வொரு வித்தாகத் தாவி, கடைசியில் நிலத்தடியிலிருந்து எடுத்த பொருளிலும் போய் ஒட்டிக்கொண்டது: மண்ணெண்ணெய். அதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. பொருள் நமக்கு ஏற்கெனவே பழக்கம். பெயரைப் பிரித்துப் பார்த்து அதைப் புரிந்துகொள்ள வேண்டிய தேவை வருவதே இல்லை.

மின்னணுவியல் படிக்க வருகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். பெயர் முதலில் வருகிறது, பொருள் பிறகுதான் கைக்கு வருகிறது. அதனால் பெயரைப் பிரித்து அர்த்தம் தேடுகிறார்கள். பொட்டென்ஷியோமீட்டரில் 'மீட்டர்' இருக்கிறதே, அது எதையோ அளக்கும் கருவிதானே? அனோடு என்றால் எப்போதும் பாசிட்டிவ்தானே? டிரான்சிஸ்டர் என்பது தடையை இடம் மாற்றுகிற சாமான்தானே? இந்தக் கேள்விகளை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். மூன்றும் நியாயமான ஊகங்கள். மூன்றுமே ஆளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

ஒரு பாகத்துக்குப் பெயர் வைத்தவர், அன்றைக்குத் தன் கண்ணுக்கு எது தெரிந்ததோ அதை வைத்துத்தான் பெயர் வைத்தார். பாகம் மாறியது, அதைப் பற்றிய அறிவும் மாறியது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே பெயரைப் பொருளின் இலக்கணமாகப் படிக்காமல், அது பிறந்த நாளின் பதிவாகப் படித்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிசினில் தொடங்கிய சொல்

எல்லாவற்றுக்கும் தாய்ச்சொல் 'எலக்ட்ரான்'. பழைய கிரேக்கத்தில் அதற்கு அம்பர் என்று பொருள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து வடிந்த பிசின் மண்ணுக்குள் இறுகிக் கல்போல் ஆனதுதான் அம்பர். தேன் நிறத்தில் இருக்கும். அதைத் துணியில் தேய்த்தால் தூசியையும் இறகையும் தன் பக்கம் இழுக்கும். பிளாஸ்டிக் சீப்பால் உலர்ந்த முடியை வாரிவிட்டுக் காகிதத் துணுக்குகளுக்கு அருகில் கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்கின்றனவே, அதே விஷயம்தான்.

1600-இல் வில்லியம் கில்பர்ட் என்ற ஆங்கில மருத்துவர், இது அம்பருக்கு மட்டுமே உள்ள குணம் இல்லை; கண்ணாடி, கந்தகம் போன்றவையும் தேய்த்தால் இழுக்கின்றன என்று எழுதினார். அப்படிப்பட்ட பொருள்களைக் குறிக்க லத்தீனில் 'எலெக்ட்ரிக்கஸ்' என்ற சொல்லை உண்டாக்கினார். 'அம்பர் போன்றது' என்று அர்த்தம். எலெக்ட்ரிசிட்டி என்ற சொல்லை நேராகத் தமிழாக்கினால் 'அம்பர்த்தனம்' என்றுதான் வரும்.

பிறகு 1891-இல் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி, மின்னூட்டத்தின் மிகச் சிறிய அளவுக்கு 'எலக்ட்ரான்' என்று பெயர் வைத்தார். மின்னூட்டம் என்பது தேய்த்த சீப்புக்கு வந்து சேர்கிறதே, அந்த இழுக்கும் தன்மைக்குக் காரணமான சரக்கு. ஸ்டோனி பெயர் வைத்தது ஓர் அளவுக்குத்தான். அப்போது துகள் எதுவும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் அந்தத் துகளை அடையாளம் கண்டபோது அவர் அதை 'கார்ப்பசல்' என்றார், அதாவது நுண்ணுடல். அந்தப் பெயர் நிற்கவில்லை. ஆறு வருடம் முன்பே தயாராக இருந்த பெயர் துகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

'ஓடு' என்றால் வழி

டையோடு, அனோடு, கேத்தோடு, எலெக்ட்ரோடு. எல்லாவற்றின் வாலிலும் ஓர் 'ஓடு' இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அது 'ஓடு, ஓடு' என்று விரட்டுவதுபோல் கேட்கும். மின்சாரம் ஓடுவதோடு பொருந்தியும் போகிறது. ஆனால் அது தற்செயல். இந்த வால் 'ஹொடோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் வழி, பாதை.

இந்த வாலை ஒட்டிய காலம் 1834. மைக்கேல் ஃபாரடே திரவங்களுக்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். திரவத்தில் மூழ்கவைத்த இரண்டு உலோகத் துண்டுகளையும் அப்போது 'துருவங்கள்' என்றே அழைத்தார்கள். ஃபாரடேவுக்கு அந்தச் சொல் உறுத்தியது. துருவம் என்றால் காந்தம்போல் எதையோ இழுக்கிறது என்று ஆகிவிடும். அவர் கண்ட வரையில் அந்தத் துண்டுகள் எதையும் இழுக்கவில்லை. மின்னோட்டம் திரவத்துக்குள் நுழையவும் வெளியேறவும் கதவாக நின்றன, அவ்வளவுதான். தவறான பெயர் தவறான சிந்தனையை இழுத்துவரும் என்று அவர் கவலைப்பட்டார். பெயரைப் பற்றி இவ்வளவு அக்கறைப்பட்ட விஞ்ஞானி என்பதாலேயே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகி வளர்ந்தவர். கிரேக்கம் படித்தவர் இல்லை. அதனால் கேம்பிரிட்ஜில் இருந்த வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ('சயன்டிஸ்ட்' என்ற சொல்லை உண்டாக்கியவரும் இதே ஹ்யூவெல்தான்.) ஃபாரடேவின் மனத்தில் ஒரு படம் இருந்தது. பூமியின் காந்தத்தன்மைக்குக் காரணம் பூமியைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்காக, சூரியன் போகும் திசையில் ஓடும் மின்னோட்டம் என்று வைத்துக்கொள்வோம். நம் பாத்திரத்தையும் அதே திசையில் வைத்தால், மின்னோட்டம் கிழக்குப் பக்கம் நுழைந்து மேற்குப் பக்கம் வெளியேறும். கிழக்கு சூரியன் ஏறும் பக்கம், மேற்கு இறங்கும் பக்கம். இந்தப் படத்துக்குப் பொருத்தமாக ஹ்யூவெல் சொன்ன இணைதான் அனோடு, கேத்தோடு. 'அனா' என்றால் மேலே, 'கட்டா' என்றால் கீழே. ஏறுவழி, இறங்குவழி. இரண்டுக்கும் பொதுப்பெயர் எலெக்ட்ரோடு, மின்வழி.

இந்தக் கதையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற பேச்சே வரவில்லை. நுழைவதும் வெளியேறுவதும்தான் கணக்கு. அனோடு என்பது மின்னோட்டம் ஒரு பாகத்துக்குள் நுழையும் வாசல். கேத்தோடு என்பது வெளியேறும் வாசல். மின்னோட்டம் பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வது மரபு. எலக்ட்ரான்கள் அதற்கு எதிர்த்திசையில் போகும்.

எல்.இ.டி விளக்கில் 'அனோடு என்றால் பாசிட்டிவ்' என்று வைத்தாலும் 'அனோடு என்றால் நுழைவாசல்' என்று வைத்தாலும் ஒரே விடைதான் வரும். பாசிட்டிவ் கம்பி இணையும் கால்தான் அனோடு. ஆனால் மின்சாரம் தந்துகொண்டிருக்கும் ஒரு பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாசிட்டிவ் முனையிலிருந்து மின்னோட்டம் வெளியே வருகிறது. வெளியேறும் வாசல் கேத்தோடு. ஆக, பேட்டரியின் பாசிட்டிவ் முனை கேத்தோடு, நெகட்டிவ் முனை அனோடு! அதையே சார்ஜில் போட்டால் ஓட்டத்தின் திசை திரும்பும், வாசல்களின் வேலையும் மாறிவிடும். இணையத்தில் இதைப் பற்றி முடிவில்லாமல் சண்டை நடக்கிறது. பெயரின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் சண்டைக்கு இடமே இல்லை.

தமிழில் எலெக்ட்ரோடுக்கு 'மின்வாய்' என்று ஒரு சொல் உண்டு. அருமையான சொல். வாயில், வாய்க்கால் என்பவற்றில் இருக்கும் அதே 'வாய்'. ஃபாரடே நினைத்த கதவுக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அனோடை 'நேர்மின்வாய்' என்றும் கேத்தோடை 'எதிர்மின்வாய்' என்றும் பிரித்த இடத்தில் ஃபாரடே தவிர்க்க நினைத்த குழப்பம் திரும்ப உள்ளே வந்துவிட்டது. 'நுழைவாய்', 'வெளிவாய்' என்று வைத்திருக்கலாம் என்று எனக்கு ஆசை.

டையோடுக்கு வருவோம். 1904-இல் ஜான் ஆம்புரோஸ் ஃப்ளெமிங், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சூடான இழையையும் ஒரு தகட்டையும் வைத்தார். சூடேறிய இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பித் தகட்டுக்குப் போகும். தகடு குளிர்ந்து கிடப்பதால் அங்கிருந்து திரும்பி வராது. ஒருவழிப் பாதை. தண்ணீரை ஒரே பக்கம் விடும் வால்வு போல இருந்ததால் அதை 'வால்வு' என்றார்கள். பழைய வானொலிப் பெட்டிக்கு வால்வு ரேடியோ என்று பெயர் வந்தது இந்த வழியில்தான். உள்ளே இரண்டு மின்வழிகள் இருப்பதால் 1919-இல் வில்லியம் எக்கிள்ஸ் 'டையோடு' என்ற பெயரை முன்வைத்தார். மூன்று இருந்தால் டிரையோடு, ஐந்து இருந்தால் பென்டோடு. இன்றைய டையோடில் குமிழும் இல்லை, இழையும் இல்லை. அது ஒரு சின்னக் குறைக்கடத்தித் துண்டு, அதாவது உலோகத்தைவிடக் குறைவாக மின்சாரத்தைக் கடத்தும் பொருளின் துண்டு. ஆனால் பெயர் இரண்டு கால்களைத்தான் எண்ணுகிறது. ஒருவழிப் பாதை என்ற முக்கியமான சேதி அந்தப் பெயரில் எங்கும் இல்லை.

கண்டென்சரா, கெப்பாசிட்டரா?

இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதற்குப் பின்னால் இரண்டு காலத்துக் கற்பனை இருக்கிறது.

1745, 1746 ஆண்டுகளில் லைடன் ஜாடி கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடி ஜாடி என்று அதைச் சொல்லலாம். தொட்டவர்களைத் தூக்கிப்போடும் அளவுக்கு அதில் மின்சாரம் சேர்ந்தது. மின்சாரம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம் என்று அன்று நம்பினார்கள். பாய்மத்தை நெருக்கிச் செறிவாக்கி வைத்திருக்கும் சாதனம் என்ற எண்ணத்தில், 1782-இல் அலெஸாண்ட்ரோ வோல்டா தன் கருவிக்குச் 'செறிவாக்கி' என்ற பொருளில் பெயர் வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் கண்டென்சர். நீராவியைத் தண்ணீராகச் செறிவாக்கும் கண்டென்சரும் இதே சொல். 20-ஆம் நூற்றாண்டில் 'கெப்பாசிட்டி', அதாவது கொள்ளளவு என்ற சொல்லிலிருந்து கெப்பாசிட்டர் வந்து பழைய பெயரைப் பாடப்புத்தகங்களிலிருந்து வெளியேற்றியது. மின்விசிறி பழுதுபார்ப்பவர் நாக்கில் கண்டென்சர் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டு பெயரும், நம் 'மின்தேக்கி'யும், ஒரு தொட்டியைத்தான் கண்முன் நிறுத்துகின்றன. உண்மையில் நடப்பது கொஞ்சம் வேறு. ஒரு தண்ணீர்க் குழாயின் குறுக்கே ரப்பர் சவ்வு ஒன்று கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரைத் தள்ளினால் சவ்வு புடைக்கும். அதே அளவு தண்ணீர் மறுபக்கத்திலிருந்து வெளியேறும். குழாய்க்குள் மொத்தத் தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கைவிட்டால் புடைத்த சவ்வு தண்ணீரைத் திருப்பித் தள்ளும். கெப்பாசிட்டரிலும் இரண்டு தகடுகள், நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு படலம். ஒரு தகட்டில் எத்தனை எலக்ட்ரான்கள் ஏறுகின்றனவோ, மறு தகட்டிலிருந்து அத்தனை எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. மொத்தக் கணக்கு பூஜ்யம். அது தேக்குவது அந்தப் புடைப்பில் உள்ள ஆற்றலை.

பேட்டரி என்ற பெயரும் இந்த ஜாடிகளோடு பிறந்ததுதான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பல லைடன் ஜாடிகளை வரிசையாக இணைத்து, சேர்ந்திருந்த மின்சாரத்தை ஒரேயடியாகப் பாயவைத்தபோது, பீரங்கி வரிசையைக் குறிக்கும் இராணுவச் சொல்லை அதற்குக் கொடுத்தார். ஆக, முதல் 'பேட்டரி' உண்மையில் கெப்பாசிட்டர்களின் வரிசை! பேட்டரி என்றால் பல சேர்ந்த வரிசை என்பதால், கடிகாரத்தில் போடும் ஒற்றைக் கட்டை கறாராகப் பார்த்தால் பேட்டரி இல்லை, ஒரு செல். காரில் இருக்கும் 12 வோல்ட் பெட்டிக்குள் ஆறு செல்கள் இருப்பதால் அது உண்மையான பேட்டரி. தமிழில் மின்கலம், மின்கல அடுக்கு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்.

லத்தீனின் 'ஆர்', தமிழின் 'இ'

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், இண்டக்டர் என்று முடியும் பெயர்களின் வாலில் இருப்பது லத்தீன் விகுதி. 'இதைச் செய்வது' என்று பொருள். தமிழில் கடத்து, கடத்தி, தேக்கு, தேக்கி, தூண்டு, தூண்டி என்று 'இ' போட்டு நாம் செய்வதும் அதேதான். மின்னோட்டத்துக்குத் தடையாக நிற்கும் ரெசிஸ்டரின் வேர்ச்சொல்லுக்கு 'எதிர்த்து நில்' என்று பொருள். கம்பிச்சுருளான இண்டக்டரின் வேர் 'உள்ளே இட்டுச் செல்'. இவற்றில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. பெயர் சொல்வதைத்தான் பாகம் ஏறக்குறையச் செய்கிறது.

ஃபியூஸைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வெடிகுண்டின் திரிக்கும் ஆங்கிலத்தில் ஃபியூஸ் என்று பெயர் இருப்பதால், மின் ஃபியூஸும் அந்த வெடிக்கிற வகையைச் சேர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். குண்டின் ஃபியூஸ் நூல் நூற்கும் கதிரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மின் ஃபியூஸ் 'உருகு' என்ற வினையிலிருந்து வந்தது. அளவுக்கு மீறி மின்னோட்டம் வந்தால் உள்ளிருக்கும் கம்பி உருகி அறுந்து சுற்றைத் துண்டிக்கும். தமிழில் அதற்கு 'உருகி' என்று பெயர். மூலச்சொல்லைவிட நம் சொல் தெளிவாக இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

வாக்கெடுப்பில் பிறந்த டிரான்சிஸ்டர்

1947 டிசம்பர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டெய்னும் ஒரு சின்னச் சாதனத்தைச் செய்தார்கள். முக்கோணப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று. அதன் விளிம்பில் மெல்லிய தங்கத் தாளை ஒட்டி, கூர்முனையில் பிளேடால் ஒரு கீறு கீறினார் பிராட்டெய்ன். ஒரே தாள் இரண்டு தனித்தனி முனைகளாயிற்று. நடுவில் மயிரிழை இடைவெளிதான். அந்தக் கூர்முனையை ஒரு சுருள்கம்பியால் ஜெர்மானியம் என்ற குறைக்கடத்தித் துண்டின் மேல் அழுத்தி வைத்தார்கள். ஒரு தங்க முனையில் கொடுத்த சின்ன சமிக்ஞை மறு முனையில் பெரிதாக வந்தது.

இதற்கு என்ன பெயர் வைப்பது? 1948 மே மாதம் ஆய்வகத்துக்குள் ஒரு வாக்குச்சீட்டு சுற்றுக்கு வந்தது. குறைக்கடத்தி டிரையோடு, படிக டிரையோடு, ஐயோட்டாட்ரான் என்று பல பெயர்கள் அதில் இருந்தன. வென்றது அதே ஆய்வகத்தின் பொறியாளர் ஜான் பியர்ஸ் சொன்ன டிரான்சிஸ்டர். எலக்ட்ரானிலிருந்து வந்த 'ட்ரான்' வால் அப்போது எதற்கெடுத்தாலும் ஒட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நல்ல வேளை, ஐயோட்டாட்ரான் தோற்றது.

'டிரான்ஸ்ஃபர்' கூட்டல் 'ரெசிஸ்டர்' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது சரியா? பாதி சரி. வாக்குச்சீட்டிலேயே 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல் ஒரு வேராகக் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் பியர்ஸின் எண்ண ஓட்டம் வேறு. வால்வில் உள்ளே கொடுக்கும் மின்னழுத்தம், அதாவது மின்னோட்டத்தைத் தள்ளும் உந்துதல், வெளியே வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்த உறவுக்குப் பொறியாளர்கள் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிய சாதனம் வால்வின் கண்ணாடிப் பிம்பம்போல நடப்பதாக அவருக்குத் தோன்றியது: உள்ளே மின்னோட்டம், வெளியே மின்னழுத்தம். அப்படியானால் அந்த உறவை டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ் என்று சொல்ல வேண்டும். அதோடு வாரிஸ்டர், தெர்மிஸ்டர் என்ற பெயர்கள் ஏற்கெனவே புழங்கின. சூட்டுக்கு ஏற்பத் தடை மாறும் பாகம் தெர்மிஸ்டர். மின்னழுத்தத்துக்கு ஏற்ப மாறுவது வாரிஸ்டர். புதிய பிள்ளைக்கும் அந்தக் குடும்பத்து வாலைக் கொடுத்துவிட்டார்.

ஆகவே எந்தத் தடையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதில்லை. இன்று அதிகம் படிக்கப்படும் வகையில், நடுக்காலுக்குள் போகும் சிறிய மின்னோட்டம் மற்ற இரண்டு கால்களுக்கிடையே ஓடும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. குழாயைத் திருகும் விரல் மாதிரி. விரலுக்கு அதிக பலம் தேவையில்லை. தண்ணீரின் வேகம் மேலே இருக்கும் தொட்டியிலிருந்து வருகிறது. டிரான்சிஸ்டரும் ஆற்றலை உண்டாக்குவதில்லை, பேட்டரி தருவதைத் திருகிவிடுகிறது. தமிழில் 'திரிதடையம்' என்று வைத்தவர்களும் 'தடை'யைத் தூக்கிவந்துவிட்டார்கள். அந்தச் சொல்லைப் பிரித்துப் படித்தாலும் இதே பள்ளத்தில்தான் விழுவோம்.

அதன் மூன்று கால்களுக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று பெயர். அனுப்புவது, அடித்தளம், சேகரிப்பது. அனுப்புவதும் சேகரிப்பதும் புரிகிறது. அடித்தளம் எங்கிருந்து வந்தது? வரைபடத்தில் பேஸ் நடுவில் அல்லவா இருக்கிறது? பிராட்டெய்னின் மேசைக்குத் திரும்பிப் போங்கள். இரண்டு தங்க முனைகளும் எதன் மேல் ஊன்றி நின்றன? அடியில் கிடந்த ஜெர்மானியம் துண்டின் மேல். அதுதான் பேஸ். பின்னால் வந்த டிரான்சிஸ்டர்களில் அந்த அடித்தளம் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலமாகச் சுருங்கிவிட்டது. 1947-இன் அந்த ஜெர்மானியம் துண்டு இன்றும் சுற்று வரைபடங்களில் ஒரு சொல்லாக ஒளிந்திருக்கிறது.

அளக்காத மீட்டர், களைக்காத குதிரை

பொட்டென்ஷியோமீட்டரைத் திறந்து பார்த்தால், குதிரை லாட வடிவில் ஒரு கருப்புக் கார்பன் தடம் இருக்கும். தடத்தின் இரு நுனிகளிலும் இரண்டு கால்கள். குமிழைத் திருகும்போது தடத்தின் மேல் வழுக்கிப் போகும் ஓர் உலோக நாக்கு மூன்றாவது கால். ஒலியைக் கூட்டிக் குறைக்க இதைத்தான் திருகுகிறோம். முள் இல்லை, எண் இல்லை, எதையும் அளக்கவில்லை.

ஆனால் 1841-இல் யோஹான் போகென்டார்ஃப் வகுத்த முறையில் உண்மையாகவே அளந்தார்கள். நீளமான ஒரே சீரான கம்பி, அதன் மேல் நகரும் ஒரு தொடுமுனை. தெரிந்த மின்னழுத்தத்தைக் கம்பி முழுவதும் கொடுத்து, தெரியாத மின்னழுத்தத்தோடு சமநிலை வரும் இடம் வரை தொடுமுனையை நகர்த்துவார்கள். அந்த நீளமே விடை. மின்னழுத்தத்துக்கு 'பொட்டென்ஷியல்' என்றும் பெயர் உண்டு. அதை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர். அளக்கும் வேலைக்கு வேறு கருவிகள் வந்துவிட்டன. நகரும் தொடுமுனை மட்டும் கம்பியைச் சுருட்டிக்கொண்டு, பெயரையும் எடுத்துக்கொண்டு ரேடியோவுக்குள் குடிபுகுந்தது.

இதற்கு நேர்மாறாக, பெயர் இன்னும் முழுசாகப் பொருந்தி நிற்கும் ஒரு பாகத்தையும் சொல்லிவிடுகிறேன்: ரிலே. பழைய பிரெஞ்சில் அது வேட்டை வழியில் ஆங்காங்கே காத்திருக்கும் மாற்று நாய்களைக் குறித்தது. ஓடிவந்தவை களைத்துப்போனால் புதியவை துரத்தலைத் தொடரும். பிறகு வண்டிப் பாதைகளில் காத்திருக்கும் மாற்றுக் குதிரைகளுக்கும் அதே பெயர். தமிழில் கைமாறிக் கைமாறிக் கடிதம் போன முறைக்கு அஞ்சல் என்று பெயர். ரிலே ஓட்டத்தை அஞ்சலோட்டம் என்று சொல்வதும் அதனால்தான்.

19-ஆம் நூற்றாண்டின் தந்திக் கம்பிகளில் அதே களைப்புதான் பிரச்சினை. நீளக் கம்பியில் போகப் போக மின்னோட்டம் மெலிந்துவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் செய்தியைப் பதியும் கருவியை இயக்க அதற்குச் சக்தி இருக்காது. ஆனால் ஒரு கம்பிச்சுருளைச் சற்றே காந்தமாக்கும் அளவுக்குச் சக்தி மிச்சமிருக்கும். அந்தக் காந்தம் ஒரு சிறு இரும்புக் கையை இழுக்கும். கை இரண்டு முனைகளைத் தொடவைக்கும். புதிய பேட்டரி இணைந்த அடுத்த கம்பியில் முழுப் பலத்தோடு மின்சாரம் கிளம்பும். செய்தி அதே செய்தி, குதிரை மட்டும் புதுசு. இன்று ஸ்டெபிலைசருக்குள் கேட்கும் 'டிக்' சத்தமும் அந்த இரும்புக் கை முனைகளில் வந்து விழும் சத்தம்தான்.